மாமன் எதிரில் ஒரு பரீட்சை

1

இந்த நாட்டில் ஆபீஸ் பியூனைத் தம்பி என்று அழைப்பது வழக்கம். அது உத்தியோகத்தின் பெயர். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எனக்கு மீசை நரைத்துவிட்டது. பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு நேற்று வேலைக்குச் சேர்ந்த சீனக் குமாஸ்தா, "தம்பி, தேத்தண்ணி" என்கிறார். நான் கொண்டுபோய் வைக்கிறேன்.

சென்ற வாரம் நம் பக்கத்திலிருந்து புதிதாகக் கப்பலேறி வந்த ஒருவர், என் தகப்பனாரை அறிந்தவர், என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்துவிட்டார். அந்த அழைப்பைத் தம் காதாலேயே கேட்டார். பிறகு என்னோடு பிரிக்பீல்ட்ஸில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து முடித்ததும், "பிள்ளைகளாவது படிக்கிறதா?" என்று கேட்டார். அந்த 'ஆவது' எனக்குப் புரிந்தது.

எனக்கு இருப்பது ஒரே பையன். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். ஆனால் நான் என்னவோ, "தங்கச்சி மகள் கிள்ளானில் படிக்கிறாள்" என்று முதலில் சொல்லிவிட்டேன். தோட்டத்துப் பெண் கிள்ளானில் படிப்பது எப்படி என்று அவர் கேட்டார். எனக்கு நீளமாகப் பேச வராது. இன்னொரு தம்ளர் காப்பி கொடுத்துப் பேச்சை முடித்தேன். அவரிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது எதிரில் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

2

நான் வேலை செய்வது கோலாலம்பூரில், பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கும் ஓர் ஆபீஸில். அங்கே ஒரு துரைசானி வந்து சேர்ந்தார். நாங்கள் மிஸ் என்போம். அவருடைய தேசத்தில் பிள்ளைகளின் புத்தியை அளப்பது ஒரு படிப்பாம், அதைப் படித்தவர். பல பாஷை பேசும் பிள்ளைகள் இருக்கும் நாட்டில், ஒருவருக்கும் அநியாயம் வராமல் எப்படி அளப்பது என்று கண்டுபிடிக்க வந்திருந்தார். சும்மா கண்டுபிடிப்பதில் ஆபீஸுக்கு இஷ்டமில்லை. ஆகவே கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளில் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் பொறுக்கித் தரவேண்டும், அவர்களுக்கு இங்கிலீஷ் பள்ளியில் சம்பளமில்லாமல் இடம் கொடுக்கப்படும் என்று ஏற்பாடாயிற்று.

கேள்விகளைத் தமிழில் கேட்க ஓர் ஆள் வேண்டும். அதற்கென்று இருந்த குமாஸ்தாவுக்குத் தோட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே காய்ச்சல் வந்தது. யாழ்ப்பாணத்தவரான தலைமைக் குமாஸ்தா என்னைக் காட்டி, "இவரைக் கொண்டுபோங்கோ. இவர் கதைக்கவே மாட்டார். பிள்ளையளுக்கு விடை சொல்லிக் குடுப்பார் எண்ட பயமில்லை" என்றார். இந்த யோக்கியதையின் பேரில் நான் நியமிக்கப்பட்டேன்.

மிஸ்ஸிடம் ஒரு பெட்டி இருந்தது. அதில் குழி வெட்டிய பலகை, குழிகளில் பொருத்தும் மரத்துண்டுகள், படங்கள், ஒரு கடிகாரம், கேள்வித்தாள்கள். தாளில் உள்ள தமிழை நான் எழுத்து மாறாமல் வாசிக்கவேண்டும். வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது. எனக்கு மிகவும் பிடித்த வேலை.

சீமையிலிருந்து வந்த தாளில் ஒரு கேள்வியில் உறைபனி இருந்தது. இன்னொன்றில் குளிர்காயும் அடுப்பு இருந்தது. முதலில் கோலாலம்பூரை அடுத்த சாலாக் செலாத்தானில் சோதித்துப் பார்த்தோம்; அந்தப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்குச் சொன்ன பதில்களைக் கேட்டதும் மிஸ் இரண்டையும் அங்கேயே கிழித்துப் போட்டார். "இது பிள்ளையை அளக்கவில்லை, குளிரை அளக்கிறது" என்றார். எங்களுக்குள் மலாயில்தான் பேச்சு. அவருடையது புத்தகத்து மலாய். என்னுடையது பாசார் மலாய், சந்தையில் பொறுக்கியது. இரண்டும் நடுவழியில் எங்கேயாவது சந்தித்துக்கொள்ளும்.

அவர் மார்க் போடும் விதம் வேறு. சரியான பதிலுக்கு ஒரு கோடு. தப்புக்குப் பெருக்கல் குறி. பிள்ளை வாயே திறக்காவிட்டால் ஒரு வட்டம். பேசாததற்கும் தப்புக் குறிதானே போடுவார்கள் என்று நான் கேட்டேன். அது நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. தெரியாமல் இருப்பது ஒன்று, சொல்லாமல் இருப்பது இன்னொன்று; இரண்டையும் கலந்தால் என் வேலை வீண் என்றார்.

3

எனக்கு இந்த வட்டத்தின்மேல் தனி அபிமானம் உண்டு. காரணம் சொல்கிறேன்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். வருஷக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, தலைப்பாகை, கைத்தடி. என்னை எழுப்பி, "உன் பெயர் என்ன?" என்று கேட்டார். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மறுபடி கேட்டார். மறுபடியும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவர் ஏதோ குறித்துக்கொண்டு பக்கத்துப் பையனிடம் போய்விட்டார். பெயர் தெரியாத பிள்ளையை ஐந்தாம் வகுப்பில் உட்கார வைப்பது எப்படி என்று வாத்தியார் என் தகப்பனாரைக் கேட்டார். தகப்பனாருக்கும் பதில் தெரியவில்லை. என்னை ஒரு மளிகைக்கடையில் சேர்த்தார். அங்கிருந்து நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பல்.

கப்பலில் ஏற்றும்போதும் பெயர் கேட்டார்கள். பின்னால் நின்றவர் சொன்னார்.

4

என் தங்கை கிள்ளான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டுகிறாள். புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். ஒரே மகள் வள்ளி, அப்போது பதினோரு வயது. தோட்டத்துப் பள்ளியில் இருந்த வகுப்புகள் தீர்ந்துவிட்டன. கிள்ளானில் பெண்களுக்கான அந்த இடம் கிடைக்காவிட்டால், வருஷம் பிறந்ததும் அம்மாவோடு விடியலில் வாளி தூக்கவேண்டியதுதான்.

அவள் கெட்டிக்காரி என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை நான் போகும்போது பழைய தமிழ்ப் பத்திரிகைகளைக் கொண்டுபோவேன். லயத்தில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் சுற்றி உட்கார, அவள்தான் வாசித்துக் காட்டுவாள். நான் இருக்கும்போது வாசிக்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் நிற்பாள். நான் விடைபெற்று, லயத்தின் கோடியில் திரும்பிய பிறகுதான் அவள் குரல் கணீரென்று கேட்கும். நானும் கொஞ்சம் நின்று கேட்டுவிட்டு ரயிலுக்குப் போவேன். இதிலிருந்து நான் எதையாவது ஊகித்திருக்கவேண்டும். ஊகிக்கவில்லை.

அந்தத் தோட்டத்தின் முறை வந்ததும், இன்ன பெண் என் தங்கை மகள் என்று மிஸ்ஸிடம் சொன்னேன். சலுகை காட்டினேன் என்று பேச்சு வரக்கூடாதல்லவா. மிஸ் யோசித்தார். தாளில் உள்ளதைத் தவிர நான் எதுவும் பேசமாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அந்நியரைக் கண்டால் பிள்ளைகள் மிரளும், சொந்த மாமன் என்றால் தைரியம் வரும், நல்லதாகப் போயிற்று என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பள்ளிக் கொட்டகையில் பரீட்சை. இடுப்பளவுச் சுவர்தான். வேலை முடிந்து வந்த பெண்கள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள். பையன்கள் தடதடவென்று பதில் சொன்னார்கள். கங்காணியின் மகன் மிஸ்ஸையே ஒரு கேள்வி கேட்டான். பிறகு வள்ளி வந்தாள். பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு என் பாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

முதல் கேள்வியை வாசித்தேன். பதில் இல்லை. இரண்டாவதை வாசித்தேன். இல்லை. பலகையில் துண்டுகளைப் பொருத்தச் சொன்னதும், கடிகாரம் ஓட ஓட, பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தட்டு நீட்டுகிறவளைப்போல ஒவ்வொன்றாக நகர்த்தினாள்.

சுவருக்கு வெளியே ஒருத்தி, "ஏண்டி, மாமனாரு எம்புட்டு ஆசையா கேக்குறாரு. வாயத் தொறயேன்" என்றாள்.

"நீ சும்மா இரு வள்ளி. இப்பவே பட்டுப் பட்டுனு பதில் சொன்னா, வாயாடி மருமவ வேணாம்னு போயிருவாரு" என்றாள் இன்னொருத்தி.

சிரிப்பு. வள்ளியின் தலை இன்னும் கீழே போயிற்று. அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மிஸ் கேட்டார். வேடிக்கை பேசுகிறார்கள் என்றேன். அது உண்மைதான்.

தாளின் மேலிருந்து கீழ்வரை வட்டம். பெண்ணுக்குக் காது கேட்குமா என்று மிஸ் கேட்டார். கேட்கும் என்றேன்.

5

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்கா? மாமனாரா வரப்போறவரு எதிர உக்காந்து கேள்வி கேட்டா எந்தப் பொண்ணு வாயத் திறக்கும்?"

"நான் இன்னும் மாமனார் ஆகல."

"அது பொறந்தன்னைக்கே உங்க தங்கச்சி, 'உன் மருமவ பொறந்துட்டா'ன்னு சொல்லி அனுப்பல? நீங்க கற்கண்டு வாங்கிட்டுப் போகல? தோட்டம் பூரா அதத்தான் பேசுது. உங்க முன்னாடி அது தும்மக்கூடத் தும்மாது."

கற்கண்டு வாங்கிப்போனது உண்மை. அது குழந்தை பிறந்த சந்தோஷத்துக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தான். இந்தப் பேச்சில் தனக்கும் ஒரு பங்கு இருப்பது அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "நீ என்னடா சொல்றே?" என்று அவன் அம்மா கேட்டாள். அவன் இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினான். அவனுக்குத் தந்தி ஆபீஸில் வேலை வேண்டும். அதற்குமேல் அவனிடமிருந்து நாங்கள் தமிழில் எதுவும் பெற்றதில்லை.

மறுநாள் மிஸ்ஸின் மேஜையில் தேநீரை வைத்துவிட்டு நகராமல் நின்றேன். என்ன என்றார். எனக்கு வந்த மலாயில், அந்தப் பெண் எனக்கு மெனாந்து, அதாவது மருமகள் என்றேன். அவர் பென்சிலைக் கீழே வைத்தார். உன் மகனுக்கு என்ன வயது, கல்யாணம் எப்போது நடந்தது, யார் நடத்திவைத்தது என்று வரிசையாகக் கேட்டார். ஒரு சொல்லால் வந்ததைச் சரி செய்ய எனக்குத் தேநீர் ஆறும் நேரம் ஆயிற்று. கல்யாணம் இல்லை, பேச்சு மட்டும். ஆனால் பேச்சு இருக்கும்போது அந்தப் பெண் என் எதிரில் பேசக்கூடாது. என் மனைவிதான் சொன்னாள் என்றேன். வாழ்நாளில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

மிஸ் வள்ளியின் தாளை எடுத்து வட்டங்களைப் பார்த்தார். "நான் அன்று அளந்தது அவளுடைய புத்தியை அல்ல, வளர்ப்பை. அதில் முழு மார்க் வாங்கியிருக்கிறாள்" என்றார். பிறகு, மறுபடியும் போகவேண்டும் என்றார். அவளுக்கு மட்டும் அல்ல, அந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும். ஒருத்திக்கு மட்டும் இரண்டாவது தடவை கொடுத்தால் மற்றவர்களுக்கு அநியாயம். அதே கேள்விகளைக் கேட்டால் அது ஞாபகத்தை அளப்பதாகும். ஆகவே வேறு கேள்விகள். அதற்கென்று இன்னொரு கட்டுத் தாள் வைத்திருந்தார். அதையும் பனியெல்லாம் நீக்கிச் சுத்தம் செய்தார்.

ரயில் பாஸ் வாங்கத் தலைமைக் குமாஸ்தாவிடம் போனேன்.

"ஒருக்காச் சோதிச்ச பிள்ளையளை ஏன் திரும்பச் சோதிக்கிறது? என்ன காரணம் எண்டு போடுறது?"

சொன்னேன்.

"தம்பியின்ர மருமகள் வெக்கப்பட்டவ எண்டு துரைக்கு எழுதேலாது." சிறிது நேரம் பேனாவைத் தடவினார். "சாதனம் பழுது எண்டு போடுவம்."

அப்படியே போட்டார். சாதனம் என்றது என்னை.

6

என் இடத்தில் யாரை உட்கார வைப்பது? தோட்டத்தில் பாதிப் பேர் ஒரே தாலுகாவிலிருந்து வந்தவர்கள். பள்ளி வாத்தியார் வள்ளிக்குச் சித்தப்பா முறை. அதோடு பதிலையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியின் எதிரில் யார் பேசினாலும் அரைநாள் பேர், அதாவது கூலி, வெட்டப்படும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி டிரஸர் மலையாளி, முறை ஒன்றும் இல்லை. ஆனால் அவர்தான் ஊசி போடுகிறவர். அவரைக் கண்டதும் கொட்டகை காலியாகிவிட்டது.

அந்தப் பெண் யாரோடு அதிகம் பேசுவாள் என்று தங்கையைக் கேட்கும்படி மிஸ் என்னிடம் சொன்னார்.

"யாரோட பேசுது? அந்த நோனியாகிட்டதான் நாளெல்லாம் வாயாடுது. கருவாடு வாங்கப் போனா பொழுது சாஞ்சுதான் வரும்" என்றாள் தங்கை.

சீனப் பெண்களை இங்கே நோனியா என்பார்கள். தோட்டத்து மளிகைக்கடைக்காரரின் மனைவி அவர். அங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழ் தோட்டத்துத் தமிழ். தங்குதடை இல்லை, மரியாதையும் இல்லை. முக்கியமாக, யாருக்கும் எந்த முறையும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே மிஸ் மலாயில் சொல்வார், நோனியா தமிழில் கேட்பார். முதலில் மிஸ் அவரைப் பழக்கினார். பதில் தெரியாமல் நான் எப்படிக் கேட்பது என்று நோனியா எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லிப் பார்த்தார். இரண்டு தப்பு. கேள்விதான் சரியில்லை என்றார்.

கங்காணி வந்து, "எம்மவன் அன்னிக்கே நல்லா சொன்னானே, அவனுக்கு எதுக்கு மறுபடி?" என்று கேட்டார். எல்லாருக்கும்தான் என்றேன். அவன் இரண்டாம் தடவையும் நன்றாகவே சொன்னான். பையன்களுக்கான இடம் அவனுக்குத்தான் கிடைத்தது. அதையும் சொல்லிவிடவேண்டும்.

பெண்கள் வேடிக்கை பார்க்க வராமலிருக்க, கடையின் பின்கட்டில் பரீட்சை. இந்த விஞ்ஞானத்துக்கு என்னால் ஆன உதவி, வெளியே போய் உட்கார்ந்திருப்பது. தகரச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மண்ணெண்ணெய்ப் பீப்பாயின்மேல் உட்கார்ந்தேன். தகரம் எதையும் மறைப்பதில்லை.

"அடியே வள்ளி, ஒங்கம்மா மண்ணெண்ண வாங்கியாரச் சொல்லுது. நீ வர்ற. கட பூட்டியிருக்கு. என்னா செய்வ?"

"உன் கட என்னிக்கு நோனியா பூட்டியிருக்கு?"

"பூட்டியிருக்குனு வச்சிக்க லா. வெள்ளக்காரம்மா கேக்குது."

"பின்னால வந்து கதவத் தட்டுவேன்."

"தட்டுனா திட்டுவேன்."

"திட்டிக்கிட்டே குடுப்ப."

நோனியா சிரித்துவிட்டு மலாயில், சரியாகத்தான் சொல்கிறாள் என்றார். சரியா தப்பா என்று நான் பார்த்துக்கொள்கிறேன், அவள் சொன்னதை அப்படியே சொல் என்றார் மிஸ். நோனியா திட்டு உட்பட அப்படியே சொன்னார். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. சீமையில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் அச்சடித்திருப்பார்கள் போலிருக்கிறது. பிறகு பென்சில் ஒரு கோடு இழுத்தது. இழுக்கும் சத்தத்திலிருந்தே எனக்கு எந்தக் குறி என்று தெரியும்.

இன்னொரு கேள்வி. ஒருவன் ஊருக்குக் கடிதம் எழுதினான். இந்தக் கடிதம் கிடைக்காவிட்டால் உடனே எனக்குத் தெரியப்படுத்தவும் என்று எழுதினான். இதில் என்ன பிசகு?

"இதுல என்னா பிசகு?" என்றாள் வள்ளி. "எங்க மாமா அப்படித்தான் எழுதுவாரு."

நான் அப்படி எழுதியதுண்டு. ஊரில் இதைப் படிக்கும் உங்களில் சிலருக்கு அந்தக் கடிதங்கள் வந்திருக்கும், அல்லது வராமல் இருந்திருக்கும். பென்சில் இரண்டு முறை குறுக்கே போயிற்று. தப்பு. ஆனால் வட்டம் இல்லை. தன் தங்கை மகளுக்குப் பெருக்கல் குறி விழுந்ததற்காகச் சந்தோஷப்பட்டவன் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பலகைத் துண்டுகள் உள்ளே விழுந்த சத்தம், யாரோ படிக்கட்டில் இறங்கி ஓடுவதுபோல இருந்தது.

7

பெண்களுக்கான இடம் வள்ளிக்கு என்று தீர்மானமாயிற்று. சொல்லப் போனேன். தங்கை வாளிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். வள்ளி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"ஆஸ்டல்லயா இருக்கணும்?"

"ஆமாம். லீவுக்கு வரலாம்."

"எத்தன வருஷம்?"

"ஆறேழு வருஷம் ஆகும்."

தங்கை வாளியைக் கவிழ்த்தாள். "அண்ணே, உன் பையன் இங்கிலீசு படிக்கிறான். கூலிக்காரி மவ வேணாம்னு தோணிருக்கும். நேரா சொல்லலாம்ல? அதுக்கு எதுக்கு வெள்ளக்காரியக் கூட்டியாந்து, பொட்டியத் தூக்கியாந்து?"

அப்படி இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். பையனின் மனது எனக்குத் தெரியாது. அவன் இங்கிலீஷில் சொன்னது என்ன என்றும் தெரியாது. தெரியாததை எப்படி இல்லை என்பது? நான் பேசாமல் நின்றதைத் தங்கை பதிலாக எடுத்துக்கொண்டாள்.

"சரி, கூட்டிட்டுப் போ" என்றாள்.

போகிற நாளில் அவள் வழியனுப்ப வரவில்லை. விடியலிலேயே மரம் வெட்டப் போய்விட்டாள். போகுமுன் மகளுக்குத் தலையை மட்டும் இழுத்துப் பின்னிவிட்டிருந்தாள். வள்ளியின் புருவம் இரண்டும் மேலே ஏறி நின்றன. மாட்டுவண்டியில் அவள் முன்னால் பார்த்து உட்கார்ந்தாள். நான் பின்னால் பார்த்து உட்கார்ந்தேன். கிள்ளான்வரை அப்படியே போனோம்.

பள்ளிக்கூடத்தில் எங்களை விசாரித்தது ஒரு தமிழ்க் கன்னியாஸ்திரி. சிஸ்டர் என்கிறார்கள். பேனாவைத் தொட்டுக்கொண்டு, "பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்?" என்று என்னைக் கேட்டார்.

வழியெல்லாம் நான் எதிர்பார்த்தது பெயரைத்தான். அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். இதற்கு இல்லை. மாமா என்றால் ஒன்று, மாமனார் என்றால் ஒன்று. எதைச் சொன்னாலும் யாரோ ஒருவருக்குச் சொன்ன சொல் உடையும். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. சிஸ்டர் பேனாவை மறுபடி மையில் தொட்டார். இரண்டாம் தடவை கேட்டார்.

"மாமா கூச்சப்படுவாரு சிஸ்டர்" என்றாள் வள்ளி. "என்னயக் கேளுங்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

சிஸ்டர் அவள் பக்கம் திரும்பினார். "சரி, நீயே சொல்லு. இவரு யாரு?"

"எங்க அம்மாவோட அண்ணன்."

"அவ்வளவுதானா? முற கிற ஏதாச்சும் பேசி வச்சிருக்காங்களா? இங்க சேத்துட்டு, ரெண்டு வருஷத்துல கல்யாணம்னு வந்து நிக்கிறாங்க. அப்புறம் அந்த இடம் வீணாப்போயிருது."

வள்ளி பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மாவோட அண்ணன். அவ்வளவுதான்."

சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வள்ளியும் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அவள் என் முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் தலையாட்டினேன். சிஸ்டர் எழுதிக்கொண்டார்.